பட்டையில் இருந்த மாதங்கள்

எனக்கு வந்த நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ரப்பர் மரம். இதைச் சொன்னால் அருமனையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் "மணிக்கு இன்னும் சொகமாவல்ல" என்பார்கள். என்னவும் சொல்லட்டும். இப்போது கொஞ்சம் சுகம் இருக்கிறது, கையில் நேரமும் இருக்கிறது. என்னைப் போல இன்னொருவன் எங்கேயாவது உட்கார்ந்து வாயுவுக்கு மருந்து குடித்துக்கொண்டிருப்பான். அவனுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் பால் வெட்டுக்காரன். இருபத்து நாலு வருடமாக இதுதான் தொழில். ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவினால் பால் ஊறி, கீழே கட்டிய சிரட்டையில் வடியும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதனால் மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் மரத்துக்கு ஓய்வு. கத்தி பட்டையைத் தாண்டித் தடியைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். அந்த இடத்தில் பிறகு வரும் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் வெட்டியது லீலா டீச்சரின் தோட்டத்தில். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. மரத்தைக்கூட நம்பாத மனுஷி. வீட்டை ஒட்டி நிற்கிற பத்து மரங்களில், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, வெட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கு நேராக வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை தீர்ந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். நல்ல வெட்டுக்காரன் என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஒன்றரை விரல் இடம். என் புள்ளிகள் ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் வந்தது பாரம். நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி. சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் எரிச்சல். பேசாவிட்டால் அழுகை. மீசை வைத்த ஆள் குளிக்கிற இடத்தில் நின்று அழுதால் யாரிடம் போய்ச் சொல்வது? என் மனைவி ஷீபா சுக்கு வெள்ளம் போட்டுத் தந்தாள். தக்கலையில் ஒரு டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். இன்னொருவர் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார். இரண்டும் சுத்தம். "கேஸ்தான்" என்றார்கள். கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் ஒரு மாதம் வேலைக்கே போகவில்லை. என் தம்பிதான் இடையிடையே ஒவ்வொரு நாள் எனக்குப் பதிலாக வெட்டினான்.

மகள் அபிஷா நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் என்னை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள், "அப்பா, இது வயிறு இல்ல. மனசுக்கு உள்ள டாக்டர காட்டணும்" என்றாள்.

"எனக்குக் கிறுக்குன்னு பறயுதியா? இதுக்கா ஒன்ன படிக்க விட்டேன்?" என்று கத்தினேன். பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆனாலும் ஷீபா விடவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார், மனச்சோர்வு என்றார், மாத்திரை தந்தார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாங்கள் சொன்ன நோய்க்கு அவர் சரியான மருந்துதான் தந்தார். நாங்கள் சொன்னது பாதி நோய் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று வாரத்தில் எனக்கு விடிந்தது. அப்படித்தான் இருந்தது. சோற்றுக்கு ருசி வந்தது. பாட்டு வந்தது. மூன்று மணிக்கு எழும்புகிறவன் ஒரு மணிக்கே எழும்பினேன். களைப்பு என்றால் என்ன என்று கேட்பேன். தம்பியிடம் இருந்து கத்தியை வாங்கி, ஓய்வு நாளிலும் மரத்தில் வைத்தேன். ரோட்டில் போகிறவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். ஆயிரம் மரம் குத்தகைக்கு எடுக்கப் போகிறேன் என்று மூன்று பேரிடம் வாக்குக் கொடுத்தேன். அபிஷாவுக்கு போன் போட்டு ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். "அப்பா நல்லா ஒறங்குதியளா?" என்று அவள் கேட்டாள். நான் சிரித்தேன்.

ஊரே சந்தோஷப்பட்டது. "மணி பழைய மணி ஆயிட்டான்" என்றார்கள். ஷீபா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்தாள். வேறு எந்தத் தொழில்காரனாக இருந்தாலும் நடுச்சாமத்தில் எழும்பி வேலைக்குப் போனால் வீட்டில் பயந்திருப்பார்கள். பால் வெட்டுக்காரன் எழும்பினால் சுறுசுறுப்பு என்று பெயர். என்னைக் கெடுத்தது அதுதான்.

லீலா டீச்சர் ஒன்றாம் தேதி பெயிண்ட் டப்பாவோடு வந்தார். முதல் மரத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "மணி, இது என்னது? மரத்த வெட்டுனியா, கொத்துனியா?"

பட்டை பூரா காயம். தடி வெளியே தெரிந்து கறுத்துக் கிடந்தது. நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். "மரம் ஒங்களுக்கது, கை எனக்கது. இந்த ஜில்லாவுல என்னப்போல வெட்டுகதுக்கு ஆளுண்டா?" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "பிள்ள பெறாதவளுக்கு மரம்தான் பிள்ள" என்றும் சொன்னேன். டீச்சர் போனை எடுத்து மரங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். ரப்பர் ஆபீசில் காட்டி என்மேல் புகார் கொடுக்கத்தான். பெயிண்ட் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பத்து நாளில் விழுந்தேன். முன்பு வந்ததை விட அடியில். இந்த முறை நினைப்பு வேறு மாதிரி. நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று நாள் முழுக்க ஒரே நினைப்பு. ஒரு நாள் சாயங்காலம் ஷீபா டீ போட்டுக்கொண்டு நிற்கும்போது அதை அவளிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ, கடவுளுக்குத்தான் தெரியும். அவள் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். அபிஷாவுக்கு போன் போட்டாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தவள், விடியும்வரை விடவில்லை. இதைப் படிக்கிறவனுக்கு அந்த நினைப்பு இருந்தால், முதலில் யாரிடமாவது சொல்லிவிடு. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் நாகர்கோவிலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கும் இடத்தில், "எந்த டாக்டர்?" என்று உள்ளே இருந்த பெண் சத்தமாகக் கேட்டாள். ஷீபா குனிந்து அந்த ஓட்டை வழியாக மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் அதைவிடச் சத்தமாக, "மனநலமா? நேரா போயி இடது பக்கம்" என்றாள். வரிசை முழுக்க என் முதுகைப் பார்த்த மாதிரி இருந்தது.

இடது பக்கம் போனால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் எங்கள் ஊர் ரேஷன் கடைத் தங்கப்பன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டோம். தப்ப வழியில்லை.

"என்ன மணியண்ணா, இங்க?"

"ஒரு ஆள பாக்க வந்தேன். நீ?"

"நானும் ஒரு ஆள பாக்கத்தான்."

அவன் சீட்டைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். நான் என்னுடையதை ஷீபாவின் பைக்குள் போட்டேன். பிறகு இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டபோது தங்கப்பன் மரியாதைக்காரன், திரும்பி ஜன்னலைப் பார்த்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார். நிறையக் கேட்டார். எப்போதிருந்து? எத்தனை நாள்? முன்பு வந்திருக்கிறதா? நாங்கள் முழித்தோம். துக்கத்துக்கு யார் தேதி குறித்து வைக்கிறார்கள்? கடைசியாக ஷீபாவிடம், "இவர் அளவுக்கு மீறி சந்தோஷமா, தூக்கமே இல்லாம, நிறையப் பேசிக்கிட்டு இருந்த நாட்கள் உண்டா?" என்று கேட்டார்.

"அப்பிடி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் ஷீபா.

"ராத்திரி தூக்கம்?"

"பால் வெட்டுகாரன் டாக்டர், ஒறக்கம் கொறவாத்தான் இருக்கும்" என்றேன் நான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். பழைய மாத்திரையையே கொஞ்சம் கூட்டித் தரலாமா என்று யோசிப்பதாகவும், ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

வார்டில் ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். ஆனாலும் மூன்று மணிக்கு உடம்பு தானாக எழும்பி உட்கார்ந்தது. "எங்க போறீங்க? படுங்க" என்றார் நர்ஸ். கீழே பாயில் ஷீபா தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் லீலா டீச்சர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றியது. டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தார். "நீ சொன்னது எனக்கு வலிச்சுது மணி. ஆனா இருவத்து நாலு வருஷம் நீ எனக்கிட்ட குரல ஒசத்துனதில்ல. அன்னைக்குப் பேசுனது நீ அல்லன்னு எனக்குத் தோணிச்சு" என்றார். நான் அவர் முன்னால் குலுங்கி அழுதேன்.

அந்த நேரம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். எப்போதிருந்து என்று மறுபடியும் கேட்டார். நாங்கள் மறுபடியும் முழித்தோம். டீச்சர் போனை எடுத்தார். "எனக்க மரத்துல தேதி உண்டு டாக்டர்" என்றார்.

கணக்கு டீச்சர் அல்லவா, பாடம் நடத்திவிட்டார். இது புள்ளி, இது மாதம், நியாயமான இடைவெளி ஒன்றரை விரல். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒழுங்காக இறங்கி வந்த புள்ளிகள், ஒரு இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. நான் படுத்துக் கிடந்த மாதம். அதற்கடுத்து நாலு விரல் இடைவெளி, முழுக்கக் காயம். டாக்டர் அதோடு விடவில்லை, படத்தை மேலே தள்ளினார். போன வருடத்துப் பட்டையில் இன்னொரு இடத்தில் மூன்று விரல் இடைவெளி.

"இது எப்போ?"

டீச்சர் எண்ணினார். ஷீபா அதற்கு முன்பே புரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அது நான் அபிஷாவுக்கு அறை கட்டின மாதம்.

விடியுமுன் பால் வெட்டி, சாயங்காலம் கல் சுமந்து, கொத்தனார் இல்லாமல், பதினோரு நாளில் நான் ஒற்றை ஆளாகக் கட்டிய அறை. அபிஷா பன்னிரண்டாம் வகுப்புக்கு அதில் உட்கார்ந்துதான் படித்தாள். ஊரில் யார் வந்தாலும் ஷீபா அதைக் காட்டுவாள்.

டீச்சர் தலையைக் குனிந்தார். "அந்த மாசம் ரப்பர் ஷீட்டு கூடுதல் கிட்டிச்சுன்னு நானும் சந்தோஷப்பட்டேன் டாக்டர். ஏன்னு கேக்கல்ல" என்றார்.

அன்றைக்குத்தான் என் நோய்க்குப் பெயர் கிடைத்தது. பைபோலார். தமிழில் இருதுருவ மனநோய் என்கிறார்கள். டாக்டர் லேசாகச் சொல்லித் தந்தார். மனசு சிலருக்குக் கீழே மட்டும் போகும். சிலருக்குக் கீழேயும் போகும், மேலேயும் போகும். மேலே போகிறவனுக்கு, கீழே போனதற்குத் தருகிற மாத்திரையை மட்டும் கொடுத்தால், சில நேரம் அது அவனை இன்னும் மேலே தூக்கி விட்டுவிடும். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதையும் மருந்தால் கட்டி வைக்கலாம். ஆனால் நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரே கேள்விதான். "டாக்டர், அந்த அறைய கட்டுனது நானா, நோயா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "கட்டினது உங்க கைதான். நிறுத்த முடியாமப் போனதுதான் நோய்" என்றார். நல்ல பதில்தான். ஆனாலும் ஆறவில்லை. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் நான் விரலை நீட்டுகிற நாட்கள் எல்லாம் அந்த மூன்று விரலிலும் நாலு விரலிலும் கிடக்கின்றன. அப்படியென்றால் நான் இருந்தது எந்த நாளில்?

டாக்டர் போன பிறகு ஷீபா பாயில் உட்கார்ந்து அழுதாள். "டாக்டர் கேட்டப்ப எனக்கு ஞாபகம் வந்துது. வராம இல்ல. ஒங்கள கெட்டுன நாளுலேருந்து நீங்க மனசுவிட்டுச் சிரிச்சது அந்த ரெண்டு தடவதான். சிரிச்சத நோயின்னு நான் எப்பிடி பறயுவேன்?" என்றாள். "எனக்கு அந்த நாளு பிடிச்சிருந்துது. திரும்ப வரணும்னு ஜெபிச்சிட்டும் உண்டு."

நான் அவள் தலையில் கை வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

மருந்து எது என்பதில் இரண்டு நாள் பேச்சு. அபிஷாவும் வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்று லித்தியம். மாத்திரை என்றாலும் அது ஒரு வகை உப்புதானாம். குறைந்தால் பலிக்காது, கூடினால் விஷம். அதனால் இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், கிட்னியையும் தைராய்டையும் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இன்னொன்று வலிப்புக்குக் கொடுக்கிற ஒரு மாத்திரை. அது இதற்கும் கேட்குமாம். வேறு சில உண்டு, உடம்பு வைக்கும், தூக்கம் தூக்கமாக வரும். "கரண்டு வைப்பியளா?" என்று நான் பயந்து கேட்டேன். இப்போது தேவையில்லை என்றும், தேவைப்பட்டாலும் மயக்க மருந்து தந்து வலியில்லாமல்தான் செய்வார்கள் என்றும் சொன்னார்.

"சாகணும்னு நினைப்பு வந்தவங்களுக்கு லித்தியம் நல்ல காவல். நான் அதைத்தான் சொல்லுவேன்" என்றார் டாக்டர். "ஆனா ரெண்டு விஷயம். சிலருக்குக் கை லேசா நடுங்கும். அப்புறம், எந்த மருந்தா இருந்தாலும் உங்க தூக்கம் கெடக்கூடாது. மூணு மணிக்கு எழுந்திரிக்கிற வேலையை விடணும்."

நான் என் கைகளைப் பார்த்தேன். பட்டைக்கும் தடிக்கும் நடுவில் நகத்தின் கனம்தான் இருக்கும். கத்தி அங்கே நிற்க வேண்டும். "டாக்டர், இத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அபிஷா என் முன்னால் வந்து முட்டி போட்டாள். "அப்பா, எனக்கு வெட்டுகாரன் வேண்டாம். அப்பா போரும்" என்றாள். நான் சரி என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கை நடுங்கத்தான் செய்தது. டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். நடுக்கத்துக்குத் தனி மாத்திரை உண்டு, ஆனால் எனக்கு மூச்சு இழுப்பு உள்ளதால் அது ஆகாது. மனசு மட்டும் மேலேயும் கீழேயும் போகாமல் நடுவில் நின்றது, அதனால் மருந்தை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. வெட்டி மாற்ற இருக்கிற ஒரு கிழட்டு மரத்தை டீச்சர் எனக்குக் காட்டி, ஒரு தடவை வெட்டிப் பார் என்றார். ஒரே இழுப்பு. கத்தி தடியில் போய் நின்றது. கத்தியைத் துடைத்து ஷீபாவிடம் கொடுத்தேன். அவளுக்கு அவள் அப்பா வீட்டில் இருந்தபோதே பால் வெட்டத் தெரியும். பால் குறைந்தால் குறையட்டும், விடிந்த பிறகு வெட்டினால் போதும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவள் ஆறு மணிக்குப் போகிறாள். நான் கட்டிலில் கிடந்து, அவள் கதவைச் சாத்துகிற சத்தத்தைக் கேட்கிறேன். ஒன்பது மணிக்குப் போய்ப் பால் எடுத்து, உறைய வைத்து ஷீட் அடிப்பது என் வேலை. டீச்சரின் புள்ளிகள் இப்போது மறுபடி ஒன்றரை விரலில் இறங்குகின்றன. அந்த வெட்டு என்னுடையது இல்லை.

இந்த மாதம் பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். அதே பெஞ்சில் தங்கப்பன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தோம். பிறகு அவனே கேட்டான்.

"மணியண்ணா, ஒங்க ஆளுக்கு எப்பிடி இருக்கு?"

"இப்ப நோயி கொறவுண்டு. ஒனக்க ஆளுக்கு?"

"எனக்க ஆளுக்கும் கொறவுண்டு. மாத்திரைய ஒழுங்கா திங்கச் சொல்லியிருக்கேன்."

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். அபிஷாவும் லீவுக்கு வந்திருந்தாள். சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எத்தனை மாதம் ஆயிற்று!

பிறகுதான் கவனித்தேன், சிரிப்பது நான் மட்டும்தான். அபிஷா போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். ஷீபாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நேத்து நல்லா ஒறங்குனியளா?" என்று ஷீபா கேட்டாள்.

"ஒறங்குனேன்டி."

"மாத்திர?"

"தின்னேன். இது நான்தான் ஷீபா. தங்கப்பன் சொன்னதுக்குத்தான் சிரிக்கேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "கைய நீட்டுங்க" என்றாள்.

இரண்டு கையையும் நீட்டினேன். விரல்கள் நடுங்கின, மாத்திரை தருகிற அதே நடுக்கம். அதை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவள் சிரித்தாள்.